காப்பித் துணிக்குக் கஞ்சி

பாண்டிச்செல்வி செய்யாத தப்பு ஒன்று வெள்ளைத் தாளில் அழகாக டைப் அடிக்கப்பட்டு அவள் முன்னால் கிடந்தது. கீழே கையெழுத்துக்கு இடமும் விட்டிருந்தார்கள். 'எனது கவனக்குறைவால்' என்று ஆரம்பித்த அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் காது மடல் சூடானது.

"படிச்சாச்சுல்லா? போடு" என்று பேனாவை நீட்டினார் சங்கரநாராயணன்.

ஒரகடத்தில் வல்லக்கோட்டைக்குத் திரும்பும் சாலை தாண்டி, ஜப்பான்காரர்கள் நடத்தும் கார் உதிரிபாகக் கம்பெனி அது. சங்கரநாராயணன் அங்கே அட்மின் ஆபீசர். பஸ், கேன்டீன், தோட்டம், கக்கூஸ், பூச்சாடி எல்லாம் அவர் பொறுப்பு. பாண்டிச்செல்வி கான்ட்ராக்ட் ஆள். ஆபீஸ் மாடியில் இருக்கும் பேன்ட்ரியில் காப்பி, டீ போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அவருக்குத் திருநெல்வேலி, அவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம். வேலைக்குச் சேர்ந்த அன்றே "நம்ம ஊருப் புள்ளயா!" என்று பல் தெரியச் சிரித்தவர்தான் இப்போது பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நான் அந்தத் துணிய வெளுக்கப் போடல சார். நீங்கதான் போட்டீக."

"யாரு போட்டா என்ன? பேன்ட்ரிக்கு நீதானே பொறுப்பு? ஒரு கையெழுத்துப் போட்டா கை தேஞ்சா போயிரும்? ஃபைல்ல கெடக்கும். எவன் எடுத்துப் பாக்கப் போறான்?"

"போடலன்னா?"

அவர் சிரிப்பு நின்றது. "போடலன்னா திங்கக்கிழம கேட்ல உன் பாஸ் செல்லாது. நாளைக்குக் காலைல எட்டரை மணி மீட்டிங்ல இது என் கையில இருக்கணும், பாத்துக்கோ."

பேனா நீட்டியபடியே இருந்தது. பாண்டிச்செல்வி அதைத் தொடவில்லை. கடிதத்தை மட்டும் நாலாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வெளியே வந்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

அந்தத் துணியின் கதையைச் சொன்னால் யாருக்கும் வயிறு எரியும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஜப்பானின் நகோயாவிலிருந்து மொரிட்டா சான் வந்தார். தொழிற்சாலைக்கு ஆலோசகர். சூட்கேஸில் சட்டைகளுக்கு நடுவே சுற்றி ஒரு கண்ணாடிச் சாமானும் கொண்டு வந்தார். ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்த இரண்டு குடுவைகள். கீழே இருப்பதில் தண்ணீர். மேலே இருப்பதன் அடியிலிருந்து ஒரு குழாய் அந்தத் தண்ணீருக்குள் இறங்கும். அடியில் ஸ்பிரிட் விளக்கு. தண்ணீர் சூடேறியதும் ஆவி அதை அழுத்திக் குழாய் வழியாக மேல் குடுவைக்கு ஏற்றிவிடும். அங்கே காப்பித்தூளைப் போட்டு மூங்கில் கரண்டியால் கிளற வேண்டும். ஒரு நிமிஷம் கழித்து விளக்கை நகர்த்தினால் கீழ்க் குடுவை ஆறி, காப்பி முழுவதையும் 'களக் களக்' என்று கீழே உறிஞ்சிக்கொள்ளும். தூள் மேலேயே நின்றுவிடும். அதை நிறுத்தி வைப்பது குழாய் வாயில் சின்னத் தகட்டின்மேல் கட்டியிருக்கும் ஒரு வட்டத் துணி. உள்ளங்கையில் பாதி இருக்கும்.

அந்தக் கம்பெனியில் எந்த வேலைக்கும் படம் போட்ட தாள் உண்டு. திருகு முடுக்கவும் தாள், தரை பெருக்கவும் தாள். மொரிட்டா சான் காப்பிக்கும் தன் கையாலேயே பத்துப் படம் வரைந்து பேன்ட்ரிச் சுவரில் ஒட்டினார். பாண்டிச்செல்வி படத்தைப் பார்த்துப் பார்த்து நாலே நாளில் பிடித்துக்கொண்டாள். பத்தாவது படம்தான் அவளுக்கு வேடிக்கை. ஒரு சோப்புக் கட்டி, அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு கிண்ணத்துத் தண்ணீருக்குள் துணி மூழ்கிக் கிடக்கும். கிண்ணம் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும். வெறும் தண்ணீரில் அலசு, ஈரம் காயாமல் வை, சோப்பைக் கிட்டத்தில் கொண்டுவராதே. அவ்வளவுதான் சட்டம்.

அந்தக் காப்பி அவளுக்குப் பிடிக்காது. பாலும் சர்க்கரையும் இல்லாத அந்தக் கறுப்புத் தண்ணீரை ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு, காய்ச்சலுக்குக் கொடுக்கிற கஷாயம் என்று முடிவு கட்டியிருந்தாள். ஆனால் அதைப் போடுவது பிடிக்கும். தண்ணீர் தானாக மாடியேறுவதைப் பார்க்க செக்யூரிட்டிகூட ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வருவார். தினமும் காலை பத்தரைக்கு மொரிட்டா சான் மேஜைக்குக் காப்பி போகும். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அது இறங்காமல் சண்டித்தனம் பண்ணியதில்லை.

பண்ண வைத்தவர் சங்கரநாராயணன்.

வியாழக்கிழமை நகோயாவிலிருந்து கம்பெனித் தலைவர் வருகிறார் என்றதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. புல்லுக்குக்கூடத் தலை வாரிவிட்டிருப்பார், சீப்புக் கிடைத்திருந்தால். மேஜை விரிப்பு, சோபா உறை, நாற்காலியில் தலை சாய்க்கும் துண்டு, கை துடைக்கிற துணி எல்லாவற்றையும் படப்பை லாண்டிரிக்கு அனுப்ப புதன்கிழமை மூட்டை கட்டினார். அப்புறம் பேன்ட்ரிக்குள் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். கிண்ணத்துக்குள் கைவிட்டுத் துணியை இரண்டு விரலால் தூக்கினார். எட்டு மாதக் காப்பி குடித்த துணி. தேக்கு நிறத்தில் இருந்தது.

"என்னது இது, கரித்துணி மாதிரி? இதுல வடிச்சா தலைவருக்குக் காப்பி குடுக்கப் போறோம்?"

"சார், அது அப்படித்தான் இருக்கும். சோப்புப் படக்கூடாது. கஞ்சி கிஞ்சி போட்டா அடச்சிக்கிடும், காப்பி எறங்காது. இந்தா, படத்துல போட்டிருக்கு பாருங்க."

"படத்த எனக்குக் காட்டுதியா? நான் எஸ்எஸ்எல்சிலயே டிராயிங்ல ஃபர்ஸ்ட்டு. போ, டீ கிளாஸக் கழுவு."

ஈரம் சொட்டச் சொட்ட அந்தத் துணி மூட்டைக்குள் விழுந்தது. இதெல்லாம் நடந்தபோது பேன்ட்ரி வாசலில் சௌம்யா நின்றிருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்க்காரி. வரவேற்பில் உட்காருபவள், சென்னைக்குப் போய் ஜப்பான் மொழி படித்தவள், அதனால் மொழிபெயர்ப்பும் அவள்தான். மறுநாள் பட்டுப்புடவை கட்டித் தலைவர் முன்னால் அவள்தான் காப்பி போட வேண்டும் என்று சங்கரநாராயணன் ஏற்பாடு. முந்தின வாரம் பாண்டிச்செல்விதான் பக்கத்தில் நின்று அவளுக்கு இரண்டு தரம் போட்டுக் காட்டியிருந்தாள். "மேடம், நீங்களாவது சொல்லுங்க" என்று பாண்டிச்செல்வி அவளைப் பார்த்தாள். சௌம்யா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொரிட்டா சானிடம் சொல்லலாம் என்றால், அவர் தலைவரை அழைத்துவர ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை பாண்டிச்செல்வியை மாடிப் பக்கமே வர வேண்டாம் என்று கேன்டீனுக்கு விரட்டிவிட்டார்கள். அவள் யூனிஃபார்ம் வெளுத்துப் போயிருந்ததாம்! அதைக் கொடுத்ததே இவர்கள்தான். பதினோரு மணிக்கு மனசு கேட்காமல் பின்படி வழியாக ஏறி வந்து பேன்ட்ரிக் கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மீட்டிங் ஹாலில் விரிப்பு பளபளத்தது. சௌம்யாவின் பட்டுப்புடவையும் பளபளத்தது. தண்ணீர் மேலே ஏறிவிட்டது, தூளும் போட்டாயிற்று. சௌம்யா கற்றுக்கொண்டபடியே கிளறினாள், நேரம் பார்த்தாள், விளக்கை நகர்த்தினாள்.

காப்பி இறங்கவில்லை.

வயசான தலைவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. மேல் குடுவையில் காப்பி குட்டையாகத் தேங்கி நின்றது. துணியில் இருந்த கஞ்சி வெந்நீரில் வெந்து, தூளோடு சேர்ந்து பசையாகி, குழாய் வாயை அடைத்துவிட்டிருந்தது. பாண்டிச்செல்விக்குக் கதவுக்குப் பின்னால் கை பரபரத்தது. அந்த நேரம் பார்த்துச் சங்கரநாராயணன், "இப்ப வந்துரும் சார், ஒன் மினிட்" என்று சொல்லிக்கொண்டே மேல் குடுவையைப் பிடித்து இழுத்தார். கீழ்க் குடுவை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக இழுத்தார். சட்டென்று அது கழன்று வர, அத்தனை காப்பியும் வெள்ளை விரிப்பிலும் அவர் சட்டையிலும் கொட்டியது.

தலைவர் கோபப்படவில்லை. கேன்டீன் டீயைக் கேட்டு வாங்கிக் குடித்து, நன்றாயிருக்கிறது என்றாராம். மொரிட்டா சான் மட்டும் அந்தத் துணியைக் கையில் எடுத்து, விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். பிறகு சங்கரநாராயணனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நஸே?"

அந்தக் கம்பெனியில் கடைசி ஹெல்ப்பருக்கும் தெரிந்த ஜப்பான் வார்த்தை அது. ஏன்? லைனில் ஒரு பீஸ் பழுதாகிவிட்டால் ஐந்து தரம் 'ஏன்' கேட்டு, ஐந்து பதில் எழுதி, காலை மீட்டிங்கில் போர்டில் ஒட்ட வேண்டும். மொரிட்டா சான் கணக்கில் இறங்காத காப்பியும் ஒரு பழுதுதான். சனிக்கிழமை எட்டரைக்கு ஐந்து 'ஏன்' வேண்டும் என்று சொல்லிவிட்டார். சங்கரநாராயணன் ஐந்துக்கும் ஒரே பதில் கண்டுபிடித்தார். அந்தப் பதிலுக்குப் பெயர் பாண்டிச்செல்வி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் படப்பையில் இறக்கிவிட்டதும் அவள் ரூமுக்குப் போகவில்லை. நேரே ராஜாமணியின் லாண்டிரிக் கடைக்குப் போனாள்.

"அண்ணே, கம்பெனி மூட்டையில ஒரு சின்ன வட்டத் துணி இருந்துச்சுல்லா, அதுக்கு எதுக்குண்ணே கஞ்சி போட்டீக?"

"இன்னாம்மா என்னாண்ட கோச்சிக்கிற? உங்க சார்தான் ஃபோன் போட்டு, எல்லாம் அப்பளமாட்டம் நிக்கணும், ஒண்ணுகூட வுடாதேன்னாரு. நீலம் போட்டு, ரெண்டு வாட்டி கஞ்சி போட்டேன். அந்தத் துக்குணூண்டு துணிய இஸ்திரி போடறதுக்குள்ள, தோ பாரு, வெரல சுட்டுகினேன்." கொப்புளம் போட்டிருந்த விரலைக் காட்டினார். "பொம்மைக்கு ஜட்டி தெச்சிருக்காங்களான்னு கேட்டுகினு இருந்தா எம் பொண்டாட்டி."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

ரூமில் தங்கமாரி ஷிஃப்ட் முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரே ஊர், ஒரே ரூம். அவள் அதே கம்பெனியில் லைனில் வேலை. பாண்டிச்செல்வி கடிதத்தை அவள் மடியில் போட்டாள். தங்கமாரி எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தாள்.

"கையெழுத்துப் போட்றாத. போட்டுட்டேன்னா நாளைக்கு ஸ்பூனு காணலன்னாலும் ஓந்தலைலதான் விழும்."

"போடலன்னா வேல போயிரும்ட்டி. அப்பா ஆப்பரேசன் முடிஞ்சு இன்னும் எந்திரிச்சு நடக்கல. நான் போயி வீட்ல உக்காரவா?"

"வேல போனாப் போவுது, திருட்டுப் பட்டம் கட்டுன மாதிரி எழுதிக் குடுத்துட்டு இருப்பியா?" என்றாள். சொன்னபின் தங்கமாரிக்கே அது சுலபமாகச் சொல்லிவிட்ட பேச்சாகப் பட்டிருக்க வேண்டும். நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். பிறகு, "ஆமா, 'ஏன்' ஷீட்டுல ஆளு பேரக் காரணமா எழுதக்கூடாதே. எழுதுனா மொரிட்டா சான் சிவப்புப் பேனாவால அடிச்சிருவாரு. ஆளு கவனக்கொறவுன்னு எழுதுனதுக்கு எங்க சூப்பர்வைசருக்கு நாலு தரம் திருப்பி வந்துச்சு" என்றாள். எழுந்து போய்த் தன் பையிலிருந்து வெற்று ஷீட் ஒன்றை எடுத்து வந்தாள். ஐந்து கட்டம். ஒவ்வொன்றின் முன்னாலும் 'ஏன்?'

"நீ எழுது. செஞ்சவளுக்குத்தான தெரியும்?"

சனிக்கிழமை எட்டரை மணி. போர்டைச் சுற்றி ஆபீசர்கள் நின்றிருந்தார்கள். பாண்டிச்செல்வி வழக்கம்போல் தண்ணீர்த் தம்ளர்களோடு டிரேயை எடுத்துக்கொண்டு போனாள். டிரேயின் அடியில் ஷீட் இருந்தது. சங்கரநாராயணன் கண்ணாலேயே கடிதம் எங்கே என்று கேட்டார். அவள் தம்ளர்களை அடுக்கினாள்.

கடிதம் வராமலேயே அவர் தன் ஷீட்டை ஒட்டினார். சௌம்யா ஜப்பான் மொழியில் சொல்லிக்கொண்டு வந்தாள். பேன்ட்ரிப் பெண்ணின் கவனக்குறைவு என்ற முதல் கட்டத்திலேயே மொரிட்டா சான் சிவப்புப் பேனாவைத் திறந்து, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"ஆள் காரணம் இல்லைங்கிறார்" என்றாள் சௌம்யா. "முறையில என்ன தப்புன்னு கேக்கறார்."

சங்கரநாராயணன் கைக்குட்டையைத் தேடினார். பாண்டிச்செல்வி டிரேயைக் கீழே வைத்துவிட்டு, ஷீட்டை எடுத்துக்கொண்டு போர்டுக்கு நடந்தாள்.

"ஏட்டி, நீ எங்க வாரே?" என்றார் சங்கரநாராயணன், அத்தனை பேர் முன்னாலும். அவளுடைய அப்பாகூட அவளை ஏட்டி என்று கூப்பிட்டதில்லை.

"கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டாந்திருக்கேன் சார்."

மொரிட்டா சான் ஷீட்டைத் தானே வாங்கி ஒட்டினார். சௌம்யா முதலில் தமிழில் படித்தாள். ஏன் காப்பி இறங்கவில்லை? துணி அடைத்துக்கொண்டது. ஏன் அடைத்துக்கொண்டது? துணியில் கஞ்சி இருந்தது. ஏன் கஞ்சி இருந்தது? துணி லாண்டிரிக்குப் போனது. ஏன் போனது? அழுக்கு என்று நினைத்து ஆபீஸிலிருந்து அனுப்பினார்கள். ஏன், வெளுக்கக்கூடாது என்று சுவரில் படம் ஒட்டியிருக்கும்போது அனுப்பினார்கள்?

ஐந்தாவது கேள்விக்குக் கீழே கட்டம் காலியாக இருந்தது.

"இதுக்குப் பதில் எனக்குத் தெரியாது. அனுப்புனவுகதான் எழுதணும்" என்றாள் பாண்டிச்செல்வி. சௌம்யா மொழிபெயர்த்ததும் மொரிட்டா சான் சுற்றிலும் பார்த்தார். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் எல்லார் கண்களும் ஒரே திசையில் போயின. அவர் பேனாவைச் சங்கரநாராயணனிடம் நீட்டினார்.

பேனாவை நீட்டியே பழகியவருக்கு வாங்கத் தெரியவில்லை. வாங்கி, மூடியைத் திருகி, தொண்டையைச் செருமி, கடைசியில் எழுதினார். நல்ல கையெழுத்து. 'வெளுக்கக்கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.'

பாண்டிச்செல்வி அதை இரண்டு தரம் படித்தாள். கஞ்சி போட்டதுகூடப் பெரிசில்லை. எனக்குத் தெரியாமல் போச்சு என்று எழுதியிருந்தால் அவளே டிரேயை எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருப்பாள். யாரும் சொல்லவில்லையாம்! அப்படியானால் புதன்கிழமை பேன்ட்ரியில் பேசியது யார்? ஃப்ரிட்ஜா? படத்தைக் கை நீட்டிக் காட்டியது யார்? அவள் ஒரு ஆளே இல்லை என்று அல்லவா எழுதி வைத்திருக்கிறார்!

அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். பிடுங்கினாள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், இருக்கலாம். 'யாரும் என்னிடம் சொல்லவில்லை' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்.

சொன்னேன்.

"பொய் சொல்லுதா சார், ஷி இஸ் லையிங்" என்றார் சங்கரநாராயணன். மொரிட்டா சான் அவரைப் பார்க்கவில்லை. சௌம்யாவைப் பார்த்து, அந்த எழுத்தைக் காட்டி, என்ன என்று கேட்டார்.

சௌம்யா அந்த எழுத்தைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே போனாள். ஒரு வார்த்தைக்கு எந்த மொழியிலும் அவ்வளவு நீளம் இருக்க முடியாது. நடுவில் தன் பெயரும் சங்கரநாராயணன் பெயரும் மட்டும் பாண்டிச்செல்விக்குப் பிடிபட்டன. சங்கரநாராயணன் உட்கார நாற்காலி தேடினார். அந்த மீட்டிங்கில் நாற்காலி போடும் வழக்கமில்லை.

மொரிட்டா சான் ஒன்றும் சத்தம் போடவில்லை. ஒத்துக்கொண்டதற்கு அடையாளமாக ஐந்தாவது கட்டத்தின் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். பாண்டிச்செல்வி மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். சௌம்யா அதையும் படித்துச் சொல்ல, மொரிட்டா சான் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சங்கரநாராயணனிடம் இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பாண்டிச்செல்வி பக்கம் திரும்பிக் கொஞ்சம் குனிந்து ஏதோ சொன்னார்.

"புதுத் துணி அவரோட டிராயர்ல இருக்காம். பத்தரைக்கு வழக்கம்போலக் காப்பி வேணுமாம்" என்றாள் சௌம்யா. "திங்கக்கிழமையும்னு சொல்றார்."

புதுத் துணியை அலசித் தகட்டில் கட்டிக்கொண்டிருந்தபோது சௌம்யா பேன்ட்ரிக்கு வந்தாள். புதன்கிழமை நின்ற அதே இடத்தில் நின்றாள். பாராட்டு வரும் என்று காத்திருக்கிறவள் மாதிரிதான் இருந்தது.

"நானும் பக்கத்துல இருந்தேன், நீங்க சொன்னதைக் கேட்டேன், படத்தைக்கூடக் காட்டினீங்கன்னு சொல்லிட்டேன் பாண்டிச்செல்வி."

பாண்டிச்செல்வி கீழ்க் குடுவையின் வெளிப்புறத்தை ஈரமில்லாமல் துடைத்தாள். விளக்கைப் பற்ற வைத்தாள். அடியில் முத்து முத்தாகக் குமிழ் விடுகிறவரைக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்லது மேடம்" என்றாள். "புதன்கெழமையே சொல்லியிருக்கலாம்லா?"

தண்ணீர் மேலே ஏற ஆரம்பித்தது. பாண்டிச்செல்வி மூங்கில் கரண்டியை எடுத்துக்கொண்டு, சௌம்யாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.